புள்ளிராஜாவை விடுங்க, மருவைப் பத்திப் பேசுவோம்

டிஸ்கி: இது உடம்பு பற்றிய பதிவு. "வயசுப் பொண்ணு எழுதுற மேட்டரா இது" என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். படித்து முடித்துவிட்டுச் சுளிக்கவும். நான் டாக்டர் இல்லை, மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம். வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்கள், சண்டைக்கு என்னிடம் வாருங்கள் :)

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரு கேள்வி ஒட்டப்பட்டிருந்ததாம். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" நான் பிறப்பதற்கு முந்தைய கதை. யாருடா இந்தப் புள்ளிராஜா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டதாக அம்மா சொல்வார். விளம்பரமாகப் பார்த்தால் சூப்பர் ஹிட். இந்தியாவில் முதன்முதலாக ஹெச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டதே 1986ல் நம்ம சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை. அதற்குப் பிறகு இந்த மாநிலம் எய்ட்ஸை எதிர்த்துச் செய்ததை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த விளம்பரம் நம் மண்டையில் ஒரு சூத்திரத்தை ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டது. பால்வினை நோய் என்றால் "தப்பு" பண்ணினவனுக்கு வருவது. "ஒருவனுக்கு ஒருத்தி" என்று இருந்தால் வராது. முடிந்தது கதை. இந்தச் சூத்திரத்துக்குள் கொஞ்சம்கூட அடங்காத ஒரு வைரஸ் இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பரவலான பால்வழித் தொற்று அதுதான். தாம்பத்திய வாழ்வில் நுழைந்தவர்களில் பெரும்பாலானவர்கள், ஆணோ பெண்ணோ, வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் அதைச் சந்தித்துவிடுகிறார்கள். பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக ஹெச்பிவி.

என் வகுப்பில் 42 பேர். இதைப் பற்றி பாடத்தில் வருவதற்கு முன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர். அதில் ஒருத்தி, 2024 பிப்ரவரியில் பூனம் பாண்டே கர்ப்பப்பைவாய்ப் புற்றில் செத்துவிட்டதாகச் செய்தி போட்டு, மறுநாளே "உயிரோடுதான் இருக்கேன், விழிப்புணர்வுக்காகச் செஞ்சேன்" என்று வந்து நின்றாரே, அந்தக் கூத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைகளின் லட்சணமே இது என்றால்...

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் அயனம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோவில். இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலாவது அம்மை போட்டால் என்ன செய்வார்கள்? வாசலில் வேப்பிலை செருகுவார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். தெருவே தெரிந்துகொள்ளும், யாரும் வெட்கப்பட மாட்டார்கள். அம்மையும் வைரஸ்தான். "எவன்கிட்டேயிருந்து வந்துச்சு?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

இன்னொன்று. கையிலோ கழுத்திலோ மரு வந்தால் கோவிலில் உப்பும் மிளகும் போடுகிறோமே, அந்தச் சாதாரண மருவும் இந்த ஹெச்பிவி குடும்பத்து வேலைதான். 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கும் பெரிய கூட்டுக்குடும்பம் அது. சில வகைகள் விரலில் குடியேறும், சில உள்ளங்காலில் ஆணி மாதிரி வளரும், ஏறக்குறைய 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதியில் குடியேறும். விரலில் வந்தால் உப்பு மிளகு, இடுப்புக்குக் கீழே வந்தால் ஊர்ப்பழி. ஒரே குடும்பத்து வைரஸுக்கு முகவரியைப் பார்த்து மரியாதை தருகிற ஜனங்கள் நாம்.

அந்த 40லும் எல்லாம் வில்லன்கள் இல்லை. 6, 11 என்ற இரண்டு வகைகள் மருவை உண்டாக்கும். அசிங்கமாக இருக்கும், தொல்லை தரும், ஆனால் ஆளைக் கொல்லாது. பிறப்புறுப்பு மருக்களில் 90 சதவீதம் இவற்றால்தான். இன்னொரு பக்கம் 16, 18 என்ற இரண்டும் மருவே தராது. கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது, அரிக்காது. உலகத்தில் கர்ப்பப்பைவாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்கு இவை இரண்டும்தான் காரணம். ஆக, வெளியே தெரிகிறதுக்குப் பயந்து ஓடுகிறோம், தெரியாததோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்துகிறோம். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹவுசன். 1983ல் புற்றுத் திசுவில் 16ஆம் வகையைக் கண்டுபிடித்தார், 2008ல் நோபல் வாங்கினார். அதற்கு முன்பு பல வருஷம் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

எப்படிப் பரவுகிறது? இங்கேதான் புள்ளிராஜா சூத்திரம் மொத்தமாகக் கவிழ்கிறது. ஹெச்ஐவிக்கு ரத்தமோ விந்துவோ வேண்டும். இதற்கு அதெல்லாம் தேவையில்லை, தோலோடு தோல் உரசினால் போதும். முழு உறவுகூட வேண்டியதில்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத இடத்துத் தோலிலும் வைரஸ் இருக்கும் என்பதால் முழுசாகத் தடுக்காது. (அதனால் ஆணுறை வேஸ்ட் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மற்ற நோய்களுக்கும் அதுதான் காவல்.) வாழ்நாளில் ஒரே ஒரு துணை போதும் இது வர. அந்தத் துணைக்குக் கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்பு ஒருமுறை வந்திருந்தாலும் போதும். பல வருஷம் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டுப் பிறகு பரிசோதனையில் தலைகாட்டவும் இதனால் முடியும். அதனால் 45 வயதில் ஒரு பெண்ணுக்கு பாசிட்டிவ் வந்தால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று உலகத்தில் எந்த லேபும் சொல்ல முடியாது. லேபே சொல்ல முடியாததை நம் மாமியார்கள் மட்டும் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார்கள்!

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நம்ம ஊர்ல ஏது" என்பவர்களுக்காக ஒரு கணக்கு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை சுற்றுவட்டாரக் கிராமங்களில் சுமார் 1,900 திருமணமான பெண்களைச் சோதித்த ஆய்வு 2005ல் வெளிவந்தது. ஏறக்குறைய 17 சதவீதம் பேரிடம் ஹெச்பிவி இருந்தது. ஆறில் ஒருவர். பப்பும் டேட்டிங்கும் இருக்கிற ஊரா அது? திண்டுக்கல் கிராமத்துக் கல்யாணமான பெண்களில் ஆறில் ஒருத்தி "அப்படிப்பட்டவள்" என்று சொல்லத் தைரியம் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். மேல்நாடுகளில் பலவற்றில் இந்த எண்ணிக்கை இருபதுகளில் உச்சத்துக்குப் போய், வயது ஏற ஏறக் குறையும். அம்பிளிக்கையில் அப்படிக் குறையவில்லை. எல்லா வயதிலும் இருந்தது. நம்ம ஊரின் ஆபத்து காலேஜ் வாசலில் மட்டும் நிற்கவில்லை, அடுப்படியிலும் நிற்கிறது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

வந்தவர்களுக்கெல்லாம் புற்று வருமா என்றால், வராது. இதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமுறுத்துவதும் ஒரு வகைப் பொய்தான். பத்தில் ஒன்பது தொற்றுகளை உடம்பே ஒன்று இரண்டு வருஷத்தில் துடைத்து எறிந்துவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மீதியில்தான் சிக்கல். கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நுண்ணிய கீறல் வழியாக வைரஸ் அங்கே அடி அடுக்குவரை போய்ச் சேர்கிறது. செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ள நம் உடம்பில் இரண்டு காவல்காரப் புரதங்கள் உண்டு. வைரஸின் இரண்டு புரதங்கள் அந்த இருவரையும் படுக்கப் போட்டுவிடும். காவல் இல்லாத செல் மெதுவாகத் தடம் மாறும். மெதுவாக என்றால் 15, 20 வருஷம். ஹெச்ஐவி உள்ள பெண்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது, அவர்களுக்கு இந்தப் புற்று வரும் ஆபத்து ஆறு மடங்கு. புகைப்பழக்கம், நிறையப் பிரசவங்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் இவையும் கூட்டும். ஒரே வைரஸ் ஒருத்திக்கு ஒன்றுமே செய்யாமல் போகிறது, அடுத்தவளுக்கு மரு, மூன்றாமவளுக்குப் புற்று. இதில் ஒழுக்கத்துக்கு எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் செக்கிங் வேலை, 44 வயது. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் பட ஆரம்பித்தது. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்து மோரில் குடித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எது என்று சொல்லப்போவதில்லை, எங்கேயும் நடக்கக் கூடியதுதான். அங்கே வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, சீட்டு எழுதின அம்மா சத்தமாகக் கேட்டாராம்: "வீட்டுக்காரரு மட்டும்தானா, வேற யாராச்சும் உண்டா?" அக்கா எழுந்து வந்துவிட்டார். மறுபடி எட்டு மாதம் எங்கேயும் போகவில்லை. அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது மூன்றாம் நிலை. கரண்டு வைத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். இப்போது உயிரோடு இருக்கிறார், வேலை இல்லை. அந்த எட்டு மாதத்தை வைரஸ் கணக்கில் எழுதுவதா, அந்தக் கேள்வியின் கணக்கில் எழுதுவதா?

அவர் வீட்டுக்காரரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கவனிச்சீங்களா? கேட்கவும் வழியில்லை. ஆண்களுக்கு வழக்கமாகச் செய்கிற ஹெச்பிவி பரிசோதனை என்று ஒன்று கிடையாது. ரிப்போர்ட் எப்போதும் அவள் பெயரில்தான் வரும், அதனால் பழியும் அவள் பெயரில். ஆனால் 2023ல் வந்த உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் பிறப்புறுப்பு ஹெச்பிவி இருக்கிறது என்கிறது. ஐந்தில் ஒருவரிடம் புற்று உண்டாக்கும் வகை. அவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது. சிலருக்கு ஆணுறுப்பில், ஆசனவாயில், தொண்டையில் புற்று வரும். அமெரிக்காவில் ஹெச்பிவியால் ஆண்களுக்கு வரும் தொண்டைப் புற்று, பெண்களின் கர்ப்பப்பைவாய்ப் புற்றை எண்ணிக்கையில் முந்திவிட்டது. இதற்காக இனி ஆண்களைப் பிடித்துக் கூண்டில் ஏற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அதே புள்ளிராஜா வியாதிதான், ஆள் மட்டும் மாறுகிறது. இவ்வளவு பரவலான ஒன்றில் குற்றவாளி தேடுவது, ஜலதோஷத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடுகிற மாதிரி.

அடுத்து ஊசி. இங்கே இரண்டு பக்கமும் பொய் புழங்குகிறது.

2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமைப்பு ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஹெச்பிவி ஊசி போட்டது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010ல் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வந்தன, ஊசியோடு தொடர்பு காட்டப்படவில்லை. வாட்ஸப்பில் சுற்றுவது முதல் பாதி மட்டும். ஆனால் ஊசிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பெற்றோரிடம் கேட்காமல், விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பழங்குடிப் பிள்ளைகள், யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர். 2013ல் நாடாளுமன்றக் குழு அதைக் கிழி கிழி என்று கிழித்தது, சரியாகத்தான் கிழித்தது. ஊசி நல்லது என்பதால் அந்தக் கையெழுத்து நல்லதாகிவிடாது. அந்தக் கையெழுத்து கேவலம் என்பதால் ஊசி கெட்டதாகியும் விடாது. இரண்டையும் சேர்த்து மண்டையில் வைத்துக்கொள்ள அப்படி என்ன கஷ்டம்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 2010 உத்தரவால் இந்தியாவில் நடந்துகொண்டிருந்த வேறொரு ஆய்வும் பாதியில் நின்றது. இரண்டு, மூன்று தவணை போட வேண்டிய பெண்பிள்ளைகளில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரே தவணையோடு நின்றுபோனது. ஆராய்ச்சியாளர்கள் அவர்களை விடாமல் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2021ல் முடிவு வந்தது: 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை ஒரே தவணையும் 95 சதவீதம் தடுத்திருந்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுவரை ஒரு தவணையே போதும் என்று ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இருந்த ஆதாரங்களில் நம் நாட்டுப் பிள்ளைகளின் இந்தக் கணக்கும் ஒன்று. ஒரு தவணை என்றால் செலவு பாதிக்கும் கீழே. 2023ல் சீரம் இன்ஸ்டிட்யூட்டின் செர்வாவாக் சந்தைக்கு வந்தபோது தனியாரில் ஒரு டோஸ் 2,000 ரூபாய். எங்கள் தெருவில் இரண்டு பெண்பிள்ளை உள்ள வீட்டுக்கு அதுவே பெரிய தொகை.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ஒதுக்கியதாக அறிவித்தது. நல்ல அறிவிப்பு, கைதட்டலாம். சிக்கிம் இதை 2018லேயே செய்து, 9 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குப் போட்டு முடித்துவிட்டது என்பதையும் ஓரமாக எழுதி வைக்கலாம்.

"இந்த ஊசியைப் போட்டா பொண்ணுங்க கெட்டுப்போவாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டதால் யாரும் துருப்பிடித்த ஆணியைத் தேடிப்போய் மிதிப்பதில்லை தாத்தா. 14 வயதுக்குள் போடச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஏற்கெனவே உள்ளே புகுந்த வைரஸை இந்த ஊசி விரட்டாது. அது உள்ளே வருவதற்கு முன்னால்தான் முழுப் பலன். கல்யாணம் வரைக்கும் காத்திருந்தால் பஸ் போன பிறகு ஸ்டாப்பிங்கில் நிற்கிற கதை.

அப்புறம் பையன்கள். ஆஸ்திரேலியா 2007ல் பெண்களுக்கு ஆரம்பித்து 2013ல் பையன்களையும் சேர்த்துக்கொண்டது. செர்வாவாக்குக்கு இங்கே ஆண்பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டு. கையில் காசு குறைவாக இருக்கும்போது முதலில் பெண்பிள்ளைகளுக்குப் போடுவது சரிதான், பெண்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால் பரவல் குறைந்து பையன்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. பாடம் எடுக்கிற விதத்தோடுதான் சண்டை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லும்போது பையன்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, பெண்பிள்ளைகளிடம் குசுகுசுவென்று சொன்னீர்களானால் இன்னொரு தலைமுறைக்கு "இது பொம்பளை நோய்" என்று எழுதிக்கொடுத்தாயிற்று. பையன்களையும் உட்காரவையுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காதில் விழும்.

இப்போது நான் நிஜமாகவே கோபப்படுகிற இடம். ஊசியைப் பற்றி இவ்வளவு பேச்சு, அம்மாக்களைப் பற்றி மூச்சு இல்லை. இன்று 14 வயதுப் பிள்ளைக்குப் போடுகிற ஊசியின் பலன் 2045ல் தெரியும். இன்றைக்கு 40 வயதில் இருக்கிறவளுக்கு ஊசியால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை, அவளுக்குப் பரிசோதனைதான். 2022ல் இந்தியாவில் புதிதாக இந்தப் புற்று வந்தவர்கள் சுமார் 1,27,000 பேர், இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். 15 வருஷம் அவகாசம் கொடுத்துவிட்டு வரும் புற்று இது! முன்கூட்டியே பார்த்தால் சின்ன சிகிச்சையில், ஒரே நாளில் முடிகிற விஷயம்.

பார்ப்பதற்கு என்ன வேண்டும்? சில்லி சிக்கனுக்கு ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் விட்டால் மாறிப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதும் அதே திண்டுக்கல் மாவட்டம்தான். சங்கரநாராயணனின் குழு 2000ல் ஆரம்பித்தது, பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமம் கிராமமாக 31,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். 2007ல் லான்செட்டில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதியில் இந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு. நம்ம மண்ணில், நம்ம நர்சுகள் கையால், வினிகரை வைத்து.

அதன்பிறகு அரசு இதை மாநிலம் முழுக்க இலவசமாகக் கொண்டுவந்தது உண்மைதான். பலன்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுக்க 1.9 என்பதால் நாம் ஓகோ என்று மார்தட்டிக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்டச் சொல்வது 70.

ஏன் போவதில்லை? எஸ்டேட்டில் வேலை செய்கிறவளுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் போய் வரிசையில் நின்று, திரை இருக்குமோ இருக்காதோ என்று பயந்து, "வேற யாராச்சும் உண்டா" என்ற கேள்விக்கும் தயாராகப் போக வேண்டும். எந்தப் பைத்தியக்காரி போவாள்?

இதற்கும் வழி இருக்கிறது. ஹெச்பிவி டி.என்.ஏ. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021லேயே சொல்லிவிட்டது. பஞ்சு சுற்றிய குச்சி மாதிரி ஒன்று, வீட்டுக் குளியலறையில் இரண்டு நிமிஷம். திரை வேண்டாம், கேள்வி வேண்டாம். நெகட்டிவ் வந்தால் ஐந்து வருஷத்துக்கு மேல் கவலை இல்லை, பாசிட்டிவ் வந்தவர்கள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும். "மக்களைத் தேடி மருத்துவம்" என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தார்களே, பி.பி., சுகர் பார்க்க வீட்டு வாசலுக்கே பெண்கள் வந்தார்களே, அந்தப் பையில் இந்தக் குச்சி ஒன்றை வைக்க இடமில்லையா? எஸ்டேட் கம்பெனிகளில் லேடீஸ் ரூமில் ஒரு பெட்டி வைக்க முடியாதா? இதையெல்லாம் எழுதி மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். வகுப்பில் இதுவரை 19 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் பையன்கள் நான்கு பேர். மீதி 23 பேரும் திங்கட்கிழமை லேபுக்கு வரும்போது பேனாவோடு வரவும்.